மலாய் முகமன்களும் தென்காசி வட்டார முஸ்லிம்களும்

குற்றாலச் சாரல் நனைக்கும் தென்காசி, கடையநல்லூர் வட்டாரத்து முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றுக்குச் சிங்கப்பூர் இரண்டாம் தாயகம். கைத்தறித் தொழில் நலிந்தமையால் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கப்பலேறியோர் தஞ்சோங் பகார் துறைமுகத்தையொட்டிக் குடியேறினர். 1941இல் சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக்கை நிறுவினர். 1946இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியும் கண்டனர். வீட்டில் தமிழ் பேசிய அவர்களுக்குச் சந்தையிலும் பணியிடத்திலும் கைகொடுத்தது மலாய் மொழி. 1928ஆம் ஆண்டின் இளைஞர் உறுதிமொழியில் 'இந்தோனேசிய மொழி' எனப் பெயர் சூட்டப்பெற்றதும் அம்மொழியே.

அதன் முகமன் சொற்கள் நமக்கு முற்றிலும் அந்நியமானவை அல்ல. காலை வாழ்த்தான 'செலாமத் பாகி', இரவு வாழ்த்தான 'செலாமத் மாலம்' ஆகியவற்றின் முதற்சொல், 'ஸலாம்' பிறந்த அதே அரபு வேரினது. நலம் விசாரிக்கும் 'அபா கபர்' என்பதற்கு 'என்ன செய்தி?' என்பது நேர்பொருள். 'கபர் பாய்க்', அதாவது 'நற்செய்தி', என்பது மறுமொழி. தமிழெழுத்தில் இச்சொல் மண்ணறையைக் குறிக்கும் 'கப்ர்' எனும் சொல்லோடு மயங்கினாலும், அரபியில் இரண்டும் வெவ்வேறு எழுத்துகளில் தொடங்குபவை. மலாய் மொழியில் மண்ணறைக்குக் 'குபூர்' என்றே பெயர்.

விளிச்சொற்களில் ஒற்றுமை இன்னும் ஆழமானது. மூத்தோரை 'நீ' என்னாது உறவுமுறையால் அழைப்பதே இரு மொழியினர்க்கும் பண்பாடு. இந்தோனேசியர் ஆடவரைத் தந்தையாக்கிப் 'பாப்பாக்' என்பர். பெண்டிரைத் தாயாக்கி 'இபு' என்பர். 1957இல் அனைவருக்கும் பொதுவான முன்னிலைச் சொல்லாக 'அந்தா' முன்மொழியப்பட்ட பின்னரும் இவ்வழக்கு மறையவில்லை. காயல்பட்டினத்தார் அண்ணனைக் 'காக்கா' என்பர். மலாய் மொழியில் 'காக்காக்' அக்காளைக் குறிக்கும்.

நம் 'மாமா'வும் அங்கே 'மாமாக்' ஆயிற்று. மரியாதைக்குரிய உறவுப் பெயராக நுழைந்த அச்சொல், மலேசியாவில் தமிழ் முஸ்லிம் சமூகத்துக்கும் அவர்தம் உணவகங்களுக்கும் பெயராக நிலைத்தது. சிலர் வாயில் இழிவுக் குறிப்பும் ஏற்றது. அழைக்கப்படுபவர் உறவினரா, அயலாரா என்பதைச் சொல்லைவிடச் சொல்பவரின் உள்ளமே தீர்மானிக்கிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

வாழ்த்துரைக்கப்பட்டால் அதனினும் அழகாக, அல்லது அதற்கு நிகராகவேனும் மறுமொழி கூறப் பணிக்கிறது திருக்குர்ஆன் (4:86). கடல் கடந்து சென்ற நம் முன்னோரைப் பிறிதொரு மொழி உறவுமுறை சொல்லி அழைத்தது. இன்று நம் ஊர்களுக்குப் பிழைப்புத் தேடி வரும் வேற்றுமொழியாளரை நாம் எச்சொல்லால் அழைக்கிறோம் என்பதில் அதற்கான மறுமொழி அடங்கியுள்ளது.