மாற்றுச் சான்றிதழுக்கு முன்: கம்பம் பள்ளத்தாக்கின் பள்ளிகளும் மாணவரின் போதைப் பழக்கமும்

கம்பம் பள்ளத்தாக்கின் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் ஒரு மாணவனின் பையில் புகையிலைப் பொட்டலம் அகப்பட்டால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: பெற்றோரை அழைத்து வரச் சொல்வார்கள், மன்னிப்புக் கடிதம் எழுதி வாங்குவார்கள், மறுபடியும் சிக்கினால் மாற்றுச் சான்றிதழ் (டி.சி.) கொடுத்து அனுப்பிவிடுவார்கள். இதற்கு இணையாக, ஆண்டுக்குச் சில நாள் பள்ளி வாசலுக்கு வெளியே விழிப்புணர்வுப் பேரணியும் உறுதிமொழியும் காவல்துறை அதிகாரியின் உரையும் நடக்கும். வெளியே முழக்கம், உள்ளே சத்தமில்லாத நீக்கம் என்ற இவ்விரண்டுக்கும் நடுவில், பழக்கத்துக்கு ஆளான மாணவனைப் பள்ளியிலேயே வைத்துக்கொண்டு மீட்கும் வேலை இருக்க வேண்டும். அது இல்லை என்பதே இப்பகுதிப் பள்ளிகளின் முதன்மையான குறை.

பள்ளத்தாக்கின் இருப்பிடம் இச்சிக்கலுக்கு ஒரு தனித்தன்மை தருகிறது. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மூன்று மலைப்பாதைகளும் தேனி மாவட்டத்தைக் கேரளத்தின் இடுக்கியோடு இணைக்கின்றன. ஒரு காலத்தில் வருசநாட்டு மலைச்சரிவுகளிலேயே கஞ்சா பயிரிடப்பட்டது. இன்று பெரும்பகுதி ஆந்திர–ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வந்து, கம்பம் வழியாகக் கேரளத்துக்குப் போகிறது. 2022 மார்ச்சில் தமிழகக் காவல்துறை தொடங்கிய ‘கஞ்சா வேட்டை 2.0’ போன்ற நடவடிக்கைகள் இந்தக் கடத்தலைக் குறிவைத்தவை. ஆனால் வகுப்பறையில் முதலில் நுழைவது கஞ்சா அன்று, புகையிலை. 2019ஆம் ஆண்டின் உலக இளையோர் புகையிலை ஆய்வின்படி, இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையிலான மாணவரில் 8.5 விழுக்காட்டினர் ஏதாவது ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்திவந்தனர். மெல்லும் புகையிலைக்குப் பழகியவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பத்து வயது நிறையும் முன்பே அதைத் தொட்டவர்கள். உயர்நிலைப் பள்ளி கண்டுபிடிக்கும் பழக்கம் பலருக்கும் தொடக்கப் பள்ளி வயதில் தொடங்கியது என்பதே இதன் பொருள்.

பழக்கம் கண்ணில் படாமல் போவதற்குப் பொருளின் வடிவமும் காரணம். ‘கூல் லிப்’ என்று விற்கப்படுவது விரல்நுனி அளவே உள்ள ஒரு சிறு பை. உதட்டுக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிக்கொண்டால் துப்பத் தேவையில்லை, புகை இல்லை, புதினா மணம்தான் வரும். நாற்பது பேர் அமர்ந்திருக்கும் வகுப்பில் கடைசி வரிசை மாணவன் அதை வாயில் வைத்தபடியே பாடம் கேட்கலாம். ஈறு வெளுத்துப் புண்ணான பிறகுதான் வெளியே தெரியும். 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, பள்ளி மாணவரிடையே இப்பொருள் பரவியிருப்பதைச் சுட்டி, இதை நாடு முழுவதும் பாதுகாப்பற்ற உணவாக ஏன் அறிவிக்கக் கூடாது என்று கேள்வி எழுப்பியது. தமிழகத்தில் குட்கா, பான் மசாலா ஆகியவற்றுக்கு 2013 மே மாதத்திலிருந்தே தடை உண்டு. தடைக்குப் பிறகும் பெட்டிக்கடைகளில் பொட்டலம் கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

சட்டம் பள்ளியைச் சுற்றி வேலி போடுவதையே முதல் காவலாகக் கருதுகிறது. 2003ஆம் ஆண்டின் புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் விற்பனை கூடாது என்கிறது. மீறினால் அபராதம் 200 ரூபாய் வரை. டாஸ்மாக் மதுக்கடைகளுக்கு நகராட்சி, மாநகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டரும் மற்ற இடங்களில் 100 மீட்டரும் இடைவெளி வேண்டும். ஆனால் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை ஊர்கள் நெடுஞ்சாலையை ஒட்டியே நீண்டு கிடக்கின்றன. சுற்றுக் கிராமத்து மாணவர் பேருந்தில் வந்து இறங்குவது பேருந்து நிலையத்தில். நூறு கெஜக் கோடு அங்கே எட்டாது.

வேலியைத் தாண்டி வந்த பழக்கத்தைப் பள்ளி எதிர்கொள்ளும் முறையில் இரண்டு தவறுகள் உள்ளன. முதலாவது, உரையை நம்புவது. 2022 ஆகஸ்டில் ‘போதைப்பொருள் இல்லாத தமிழ்நாடு’ முனைப்பு தொடங்கியபோது மாநிலமெங்கும் மாணவர்கள் உறுதிமொழி எடுத்தனர். பள்ளிகளில் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றங்கள் வந்தன. அரசு இதைப் பொருட்படுத்தியது நல்லதே. எனினும், ஐ.நா. போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார அமைப்பும் சேர்ந்து வெளியிட்ட தடுப்பு நெறிமுறைகள், அச்சமூட்டும் தகவலை மட்டும் சொல்வது, மேடைச் சொற்பொழிவு, காவலரைக் கொண்டு பாடம் நடத்துவது, போதைப் பழக்கத்திலிருந்து மீண்டவர்களின் அனுபவ உரை ஆகியவை பயன் தருவதில்லை, சில வேளை எதிர்விளைவே தரும் என்கின்றன. அமெரிக்காவில் 1983இல் லாஸ் ஏஞ்சலஸில் தொடங்கிய ‘டேர்’ திட்டத்தில் காவலர்களே வகுப்பெடுத்தார்கள். பின்னர் நடந்த மதிப்பீடுகள் அதற்கு நிலைத்த பயன் இல்லை என்று காட்டின. நண்பன் நீட்டும்போது மறுக்கப் பழக்குவதும், அந்த வயதுக் குழப்பங்களைப் பேசவிடுவதும், ஆசிரியரே வாரந்தோறும் சிறு குழுக்களாக நடத்துவதுமே ஓரளவு பலன் தந்தவை. அவற்றுக்குக் கால அட்டவணையில் இடம் ஒதுக்க வேண்டும்.

காவல்துறை வகுப்பறைக்குள் வருவதில் இம்மண்ணுக்கென்று ஒரு பழைய வடுவும் உண்டு. தேனி, மதுரை, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்றும் நடக்கும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், மக்கள் கைரேகைச் சட்டம் என்று அழைத்த குற்றப் பரம்பரைச் சட்டத்தின் காலத்தில் உருவானவை. பிறப்பாலேயே ஐயத்துக்குரியவர்களாக நடத்தப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அங்கே படிக்கிறார்கள். அத்தகைய ஊரில் பள்ளி மாணவனைச் சந்தேகத்துக்கு உரியவனாகப் பார்க்கத் தொடங்கினால், குடும்பம் பள்ளியிடம் வாய்திறக்காது.

இரண்டாவது தவறு நீக்கம். கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தொடக்கக் கல்வி முடியும்வரை, அதாவது 8ஆம் வகுப்புவரை, எந்தக் குழந்தையையும் வெளியேற்றக் கூடாது என்கிறது. 9ஆம் வகுப்பிலிருந்து அந்தக் காப்பு இல்லை. பழக்கம் வெளிப்படும் வயதும் காப்பு விலகும் வயதும் ஒன்றாகவே அமைந்துவிட்டன. டி.சி.யில் ‘ஒழுக்கமும் பண்பும்’ என்ற இடத்தில் ‘நன்று’ என்று எழுதிக் கொடுத்துவிட்டால் பள்ளியின் பெயர் கெடாது. ஆனால் வெளியே வந்த பையனுக்குப் பள்ளத்தாக்கில் காத்திருப்பது என்ன? விடியுமுன் போடி, தேவாரம், கம்பம் ஆகிய ஊர்களிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிச் செல்லும் ஜீப். அல்லது பொட்டலத்தைக் கைமாற்றிக் கொடுக்கச் சிறுவர்களைத் தேடும் கும்பல். பெற்றோரும் அதே ஜீப்பில் போகிறவர்கள்தான். ‘நாளைக்கு அப்பாவைக் கூட்டி வா’ என்பது அந்த வீட்டுக்கு ஒரு நாள் கூலியை இழக்கச் சொல்வது. இரண்டு முறை வர முடியாமல் போன பெற்றோர் ‘அக்கறை இல்லாதவர்’ ஆகிவிடுகிறார்.

சட்டமோ வேறு வழியைக் காட்டுகிறது. 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், போதைக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படக்கூடிய நிலையில் உள்ள குழந்தையைக் கவனிப்பும் பாதுகாப்பும் தேவைப்படுபவர் என்று வரையறுக்கிறது. அவரைக் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுசெல்லலாம். குழந்தைக்கு மதுவோ புகையிலையோ போதைப்பொருளோ கொடுப்பவருக்கும் (77ஆம் பிரிவு), மதுவையோ போதைப்பொருளையோ விற்கவும் சுமக்கவும் குழந்தையைப் பயன்படுத்துபவருக்கும் (78ஆம் பிரிவு) ஏழாண்டு வரை கடுங்காவல். 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் 64அ பிரிவு, தானாகச் சிகிச்சைக்கு வருபவரைச் சிறிய அளவுக் குற்றங்களுக்கான வழக்கிலிருந்து விடுவிக்கிறது. இவற்றின்படி தண்டனை விற்றவருக்கும் சிகிச்சை மாணவனுக்கும் உரியவை. பள்ளிகள் பலவற்றிலும் நடப்பது நேர்மாறு: மாணவன் வெளியேறுகிறான், பொட்டலம் எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்பாரில்லை.

ஆசிரியரை மட்டும் குறைசொல்வது நியாயமாகாது. பாடச்சுமை, தேர்ச்சி விழுக்காட்டு நெருக்கடி, மற்ற பெற்றோரின் அச்சம் ஆகியவற்றுக்கு நடுவே தலைமையாசிரியர் தனியாளாக முடிவெடுக்கிறார். அவருக்கு உதவ ஆள் வேண்டும். பள்ளிகளில் சாதி மோதல்களைத் தடுப்பது குறித்து ஆராய்ந்து 2024இல் அறிக்கை அளித்த நீதிபதி கே. சந்துரு குழு, போதைப்பொருள் சிக்கலையும் கவனிக்கப் பள்ளி நல அலுவலர்களை நியமிக்கப் பரிந்துரைத்தது. மாநில அரசு 2025இல் 25 ‘கலங்கரை’ மறுவாழ்வு மையங்களைத் திறந்தது. மாணவர்களுக்கு 14417 என்ற உதவி எண் இருக்கிறது. ஆனால் இவற்றைப் பள்ளியோடு சேர்க்கும் நடைமுறை வகுக்கப்படாவிட்டால், மையம் ஓரிடத்திலும் மாணவன் வேறிடத்திலுமாகவே இருக்க நேரும்.

அரசு ஓர் ஆணையின் மூலம் கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு தரும் காப்பைப் போதைப் பழக்க நிகழ்வுகளில் 12ஆம் வகுப்புவரை நீட்டிக்க வேண்டும். முதல் நிகழ்வில் மருத்துவப் பரிசோதனையும் ஆலோசனையும், அடுத்து குழந்தைகள் நலக் குழு, விற்றவர் மீது இளைஞர் நீதிச் சட்டத்தின் 77ஆம் பிரிவின்கீழ் புகார் என்ற வரிசையைக் கட்டாயமாக்க வேண்டும். பெற்றோர் சந்திப்பை மாலையிலோ ஞாயிறன்றோ வைக்கலாம். அதைப் பள்ளி மேலாண்மைக் குழுவே ஏற்று நடத்தலாம். இவை எதையும் செய்யாமல் போதைப் பழக்கத்துக்காகக் கொடுக்கப்படும் மாற்றுச் சான்றிதழ், ஒழுங்கு நடவடிக்கை என்ற பெயருக்குத் தகுதியற்றது.