அணுகு அடுக்கு

சுவிட்சுகளால் ஆன கணினி வலையமைப்பில் பயனரின் கருவி நேரடியாக இணையும் பகுதி அணுகு அடுக்கு. மேசைக் கணினி, ஐபி தொலைபேசி, கேமரா, வைஃபை பெட்டி ஆகியவற்றின் கேபிள்கள் இங்குள்ள போர்ட்டுகளில் வந்து முடியும். இதற்கு மேலே பகிர்வு அடுக்கும் மைய அடுக்கும் அமையும். சிறிய அலுவலகங்களில் அவ்விரண்டும் ஒரே சுவிட்சில் அடங்கிவிடும்.

ஈதர்நெட் 1973இல் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் பிறந்தது. ராபர்ட் மெட்காஃபும் டேவிட் பாக்ஸும் அதை உருவாக்கினர். எல்லாக் கணினிகளும் ஒரே கோஆக்சியல் கேபிளைப் பகிர்ந்துகொண்டன. இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் அனுப்பினால் தரவு மோதும். சற்றுக் காத்திருந்து மீண்டும் அனுப்ப வேண்டும். கேபிளில் ஓரிடம் பழுதானால் எல்லோருக்கும் இணைப்பு போகும். 1990இல் முறுக்கு இணைக் கம்பிக்கான 10பேஸ்-டி தரநிலை வந்து, ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கேபிள் என்ற வழக்கத்தை நிலைநிறுத்தியது. ஆனால் அக்கேபிள்களை நடுவில் இணைத்த ஹப் என்ற பெட்டி மோதலைத் தீர்க்கவில்லை. அதைத் தீர்த்த பெருமை, அதே ஆண்டில் ஏழு போர்ட் ஈதர்நெட் சுவிட்சை விற்பனைக்குக் கொண்டுவந்த கல்பனா என்ற கலிபோர்னிய நிறுவனத்தைச் சேரும். நிறுவியவர்களுள் ஒருவரான வினோத் பரத்வாஜ் தம் மனைவியின் பெயரையே அதற்கு இட்டார். 1994இல் சிஸ்கோ அதை வாங்கியது. சுவிட்ச் ஒவ்வொரு கருவியின் முகவரியையும் கற்று, உரிய போர்ட்டுக்கு மட்டும் தரவை அனுப்பும். ஆனால் கேபிள்கள் சுழலாக இணைந்துவிட்டால் தரவு முடிவின்றிச் சுற்றி வலையமைப்பையே முடக்கும். டிஜிட்டல் எக்விப்மென்ட் நிறுவனத்தில் பணியாற்றிய ராடியா பெர்ல்மன் 1985இல் வகுத்த ஸ்பேனிங் ட்ரீ முறை இதைத் தடுக்கிறது.

வடிவமைப்பைத் தீர்மானிப்பது முதலில் தூரம். செப்புக் கேபிளின் எல்லை 100 மீட்டர். ஆகவே பெரிய கட்டடங்களில் தளத்துக்கு ஒரு சுவிட்ச் அலமாரி தேவைப்படும். கட்டடங்களுக்கு இடையே ஃபைபர்தான் போட வேண்டும்; செப்பு இடி மின்னலைக் கருவிகளுக்குள் கொண்டுவந்துவிடும். விலேன்களை, அதாவது ஒரே வலையமைப்புக்குள் பிரிக்கப்படும் மெய்நிகர் வலையமைப்புகளை, கட்டடம் கடந்து நீட்டுவது பழைய வழக்கம். அவற்றை அணுகு சுவிட்சிலேயே முடித்து, அங்கிருந்தே ரூட்டிங் தொடங்குவதே சரியான அமைப்பு. அப்போது ஓரிடத்துப் பழுது அந்த இடத்தோடு நிற்கும். ஒவ்வொரு அணுகு சுவிட்சும் இரு வேறு பாதைகளில் மேலடுக்கோடு இணைய வேண்டும். கேபிள் வழியே மின்சாரமும் தருவதானால், சுவிட்சின் மொத்த வாட் அளவைக் கருவிகளின் தேவையோடு ஒப்பிட்டுப் பார்ப்பது அவசியம். 2003ஆம் ஆண்டுத் தரநிலை போர்ட்டுக்கு 15.4 வாட் அளித்தது.

ஊர்ப்புறத்தில் இந்த அடுக்கின் வேலையைச் செய்வது ஊராட்சி அலுவலகத்துக்கு வரும் ஃபைபர். 2011இல் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய ஒன்றிய அரசுத் திட்டம் தொடக்கத்தில் ஊராட்சிக்கு 100 மெகாபிட் வேகத்தை இலக்காகக் கொண்டது. ஊராட்சி ஒன்றியத் தலைமையிடத்திலிருந்து கிளை பிரியும் அந்த அமைப்பில், வழியில் ஒரு வெட்டு விழுந்தாலே அதற்கப்பாலுள்ள ஊர்கள் துண்டிக்கப்பட்டன. 2023 ஆகஸ்டில் ஏற்கப்பட்ட திருத்திய திட்டம் வளைய அமைப்புக்கு மாறியது. தமிழ்நாட்டில் ஃபைபரின் பெரும்பகுதி மின்கம்பங்கள் வழியே செல்கிறது. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் மின்கம்பங்களைப் பெருமளவில் சாய்த்த கடலூர் மாவட்டத்தில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவி போன்ற ஊர்களுக்கு இரண்டாவது பாதை இன்றியமையாதது. திட்டம் வகுக்கப்பட்டபோது மாநிலத்தில் இருந்த 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் கழகம் மேற்கொண்டுள்ளது.