ஸ்டே கம்பியை நம்பி நிற்கும் கோபுரங்கள்

ரேடியோ வரலாறு என்றதும் எல்லோரும் 1901 டிசம்பர் 12-ஐத்தான் சொல்வார்கள். அட்லாண்டிக் கடலைத் தாண்டி வந்த மூன்று புள்ளிகளை, அதாவது மோர்ஸ் முறையில் 'எஸ்' என்ற ஒரே எழுத்தை, மார்க்கோனி கேட்டதாகச் சொன்ன நாள் அது. அதற்கு மூன்று மாதங்களுக்கு முன் நடந்ததைப் பற்றி அவ்வளவாக யாரும் பேசுவதில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் கடற்கரையில் போல்டூ என்ற இடத்தில் மார்க்கோனியின் ஆட்கள் 20 கம்பங்களை வட்டமாக நட்டிருந்தார்கள். ஒவ்வொன்றும் சுமார் 60 மீட்டர் உயரம். உச்சியிலிருந்து கம்பிகள் புனல் வடிவில் நடுவே இறங்கும். கம்பங்களின் தலைகளை ஒன்றோடு ஒன்று கம்பியால் இணைத்திருந்ததுதான் வினை. அமெரிக்காவில் கேப் காட் என்ற இடத்தில் இதே போன்ற நிலையத்தைக் கட்டப் போன வைவியன் என்ற பொறியாளருக்கு இந்த வடிவமைப்பு பிடிக்கவில்லை, சொல்லியும் பார்த்தார், எடுபடவில்லை. 1901 செப்டம்பர் 17-ல் போல்டூவில் புயல் காற்று அடித்தது. ஒரு கம்பம் சாய்ந்தது, அது பக்கத்துக் கம்பத்தை இழுத்தது, மொத்தமும் தரையில்! நவம்பரில் கேப் காட்டிலும் அதே கதை.

மார்க்கோனி போல்டூவில் அவசரமாக இரண்டு கம்பங்களை நட்டு ஒப்பேற்றினார். கடலுக்கு அந்தப் பக்கம் நியூஃபவுண்ட்லாந்தில் கம்பமே இல்லை, ஆண்டெனாவைத் தூக்கிப் பிடித்தது ஒரு பட்டம். (அவர் உண்மையிலேயே அந்தப் புள்ளிகளைக் கேட்டாரா என்று இன்றும் சண்டை போடுகிறார்கள், அது தனிக் கதை.)

இருபது வருடம் கழித்து, 1921 டிசம்பரில், அமெரிக்க ஹாம்கள் தங்கள் சிறிய நிலையங்களின் சிக்னல் ஐரோப்பாவில் கேட்குமா என்று சோதிக்க பால் காட்லி என்பவரை ஸ்காட்லாந்துக்கு அனுப்பினார்கள். ஹாம் என்றால் தொழிலுக்காக இல்லாமல் ஆர்வத்துக்காக, உரிமம் பெற்று ரேடியோவில் பேசுபவர். ஆர்ட்ராஸன் ஊரில் கடலோரமாக ஒரு கூடாரம் போட்டு, ஆள் உயரத்தைப் போல் சுமார் இரண்டு மடங்கு உயரமான கம்புகளில் சுமார் 400 மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கனெக்டிகட் மாநிலத்தின் கிரீனிச்சிலிருந்து '1பிசிஜி' என்ற நிலையம் அனுப்பிய முழுச் செய்தி தெளிவாக வந்தது. சிக்னல் வரும் திசையில் நீளமாகப் படுக்கும் இந்தக் கம்பிக்கு உயரம் தேவைப்படவில்லை. கீழே விழுவதற்கு அங்கே எதுவுமே இல்லை.

ஹாம்களை உயரத்துக்கு ஏற்றிவிட்டது யாகி ஆண்டெனா. 1920-களில் ஜப்பானில் உடா, யாகி இருவரின் ஆராய்ச்சியில் பிறந்தது. நம் வீட்டு மாடிகளில் டிவிக்காக நின்ற மீன்முள் போன்ற ஆண்டெனாவேதான். ஹாம்கள் விரும்பும் 20 மீட்டர் அலைவரிசைக்கு அதையே பிரம்மாண்டமாகச் செய்ய வேண்டும். தூர தேசத்துக்கு எட்ட வேண்டுமானால் தரையிலிருந்து குறைந்தது அரை அலைநீளமாவது, அதாவது 10 மீட்டராவது, உயர்த்த வேண்டும். 20 மீட்டர் என்றால் இன்னும் நல்லது. ஆகவே வீட்டுக் கொல்லைகளில் கோபுரங்கள் முளைத்தன.

அமெரிக்க ஹாம்களிடம் பிரபலமானது முக்கோண வடிவ இரும்புக் கோபுரம். 10 அடித் துண்டுகளாக வரும். முதல் துண்டை கான்கிரீட்டில் நிறுத்தி, அதன் மேல் ஏறி, 'ஜின் போல்' என்ற கப்பி வைத்த குழாயைப் பக்கத்தில் மாட்டி, அடுத்த துண்டைக் கீழிருப்பவர்கள் கயிற்றால் இழுக்க, மேலே இருப்பவர் பொருத்துவார். பிறகு குழாயை மேலே நகர்த்தி மறுபடியும் அதே வேலை. இந்தக் கோபுரம் தன் பலத்தில் நிற்பதில்லை. மூன்று திசைகளில் இழுத்துக் கட்டிய ஸ்டே கம்பிகள்தான் அதை நிறுத்துகின்றன. தெருமுனை மின்கம்பத்துக்குச் சாய்வாக ஒரு கம்பி கட்டியிருப்பார்களே, அதே கம்பிதான். மூன்றில் ஒன்று போனால் கோபுரமும் போகும். கட்டும்போதும் கழற்றும்போதும் அந்த மூன்றும் முழுசாக இருக்காது என்பதுதான் பயங்கரம்.

பெரிய கோபுரங்களும் இதற்குத் தப்பவில்லை. 1982 டிசம்பர் 7, டெக்சாஸில் ஹூஸ்டனுக்கு அருகே மிசௌரி சிட்டி. 500 மீட்டருக்கும் அதிகமான எஃப்எம் கோபுரத்தின் உச்சிக்குப் பல டன் எடையுள்ள ஆண்டெனாவின் பகுதியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். தூக்குவதற்கான கொக்கி இருந்த இடம் வசதியாக இல்லை, ஆண்டெனாவின் பக்கவாட்டு உறுப்புகள் தடுத்தன. எனவே தொழிலாளர்கள் ஒரு இரும்புச் சட்டத்தை நீட்டி, போல்ட் போட்டு, அதில் வடத்தை மாட்டினார்கள். வடிவமைத்த நிறுவனத்தின் பொறியாளர்களிடம் இந்தத் திட்டத்தைப் பார்த்துத் தரும்படி கேட்டார்கள். ஏதாவது ஆனால் பொறுப்பு தங்கள் தலையில் விழும் என்று அவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தால் ஒரு கனம், நீட்டிய கையில் பிடித்தால் வேறு கனம் இல்லையா? தொழிலாளர்கள் கணக்குப் போட்டது இடுப்புக் கனத்துக்கு. போல்ட் உடைந்தது, விழுந்த ஆண்டெனா ஒரு ஸ்டே கம்பியை அறுத்தது, கோபுரம் முழுவதும் சரிந்தது. ஐந்து பேர் இறந்தார்கள். கணக்குத் தெரிந்தவர் ஒருவர் பத்து நிமிடம் அந்தப் படத்தைப் பார்த்திருந்தால் போதும். இன்றும் பொறியியல் அறநெறி வகுப்புகளில் இதைப் பாடமாக வைக்கிறார்கள், வைக்கத்தான் வேண்டும்.

போலந்தில் கான்ஸ்டான்டினோவ் கோபுரம் 646 மீட்டர், 1974-ல் கட்டி முடித்தபோது உலகிலேயே மிக உயரமானது. 1991 ஆகஸ்ட் 8-ல் உச்சி வரிசையின் பழைய ஸ்டே கம்பிகளை மாற்றும்போது, வளைந்து, நடுவில் முறிந்து விழுந்தது. யாரும் சாகவில்லை. 17 வருடக் காற்றையும் பனியையும் தாங்கியது, பழுதுபார்ப்பைத் தாங்கவில்லை.

ஹாம்களுக்கு இதிலிருந்து கிடைத்த விதி எளியது: பழைய கம்பியைக் கழற்றும் முன் தற்காலிகக் கம்பி கட்டு, அது இறுகிய பிறகே ஏறு. ஏறுபவரின் பெல்ட்டுக்கும் வரலாறு உண்டு. வெகுகாலம் மின்கம்பத் தொழிலாளர்களின் இடுப்பு பெல்ட்டைத்தான் ஹாம்களும் கட்டினார்கள். விழுந்தால் முழு அதிர்ச்சியும் வயிற்றில் இறங்கும், தலைகீழாக நழுவி விடவும் கூடும். விழுபவரைத் தாங்கும் சாதனமாக இடுப்பு பெல்ட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறையின் விதி 1998 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தொடை, மார்பு, தோள் எல்லாவற்றையும் சுற்றும் ஹார்னஸ்தான் வேண்டும்.

ஏறாமலே இறந்தவர்களும் உண்டு. 1970-களில் அமெரிக்காவில் சிபி ரேடியோ மோகம் அடித்தபோது, வீட்டில் ஆண்டெனா நிமிர்த்தியவர்கள் பலர் மேலே போகும் மின்கம்பியில் அதைத் தொட்டு இறந்தார்கள். 1978-ல் சிபி, டிவி ஆண்டெனாக்களில் எச்சரிக்கை ஒட்ட வேண்டும் என்று அரசே உத்தரவு போட்டது.

ஆனால் 1998-ன் பெல்ட் விதி சம்பளத்துக்கு ஏறும் தொழிலாளருக்குத்தான். சொந்தக் கொல்லையில் சொந்தக் கோபுரம் ஏறும் ஹாமை அந்தச் சட்டம் தொடாது. பழைய தோல் பெல்ட்டை மாட்டிக்கொண்டு அவர் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏறினால் கேட்பதற்கு ஆள் கிடையாது, கீழே கயிறு பிடிக்கும் நண்பர்களைத் தவிர.