கல்லீரல் அழற்சி பி

ஹெபடைட்டிஸ் பி வைரஸால் வரும் கல்லீரல் நோய் இது. ரத்தம், உடலுறவு, பிரசவம் ஆகிய வழிகளில் தொற்றும். சேர்ந்து சாப்பிடுவதால் தொற்றாது. இந்த வைரஸ் உடலில் நிலைத்துவிட்டவர்கள் உலகில் சுமார் 25.4 கோடிப் பேர் என்பது 2022-ஆம் ஆண்டுக்கான உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு.

பழைய சிவப்பணுக்கள் சிதையும்போது பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி உண்டாகிறது. அதைப் பித்தநீரோடு வெளியேற்றுவது கல்லீரலின் வேலை. அழற்சியால் அந்த வேலை தடைபட்டால் கண்ணும் சிறுநீரும் மஞ்சளாகும். அதுதான் மஞ்சள் காமாலை. ஆனால் பி தொற்று உள்ள பலருக்குக் காமாலை வருவதே இல்லை. வந்து தெளிந்தாலும் வைரஸ் போய்விட்டதாகக் கொள்ள முடியாது. கல்லீரல் செல்லின் உட்கருவில் அது தங்கிவிட்டால், பல ஆண்டுகள் கழித்து ஈரல் சுருக்கமாகவோ புற்றுநோயாகவோ முற்றலாம்.

எந்த வயதில் தொற்றுகிறது என்பதே முக்கியம். பெரியவர்களில் நூற்றுக்கு 5 பேருக்கும் குறைவாகவே நோய் நாள்பட்டதாகிறது. பிறக்கும்போது தொற்றிய குழந்தைகளிலோ சுமார் 90 பேருக்கு!

அமெரிக்க விஞ்ஞானி பாரூக் பிளம்பெர்க், ஆஸ்திரேலியப் பழங்குடி ஒருவரின் ரத்தத்தில் புதிய புரதம் ஒன்றைக் கண்டு 1965-இல் அறிவித்தார். அது இந்த வைரஸின் மேலுறைப் புரதம் எனப் பின்னர் தெரிந்தது. 1976-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அவர் பிறந்த ஜூலை 28, உலகக் கல்லீரல் அழற்சி நாள்.

கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுப்பது தமிழ்நாட்டில் காமாலைக்கு நெடுங்காலக் கைவைத்தியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி.தியாகராஜன் குழுவினர் பிளம்பெர்குடன் இணைந்து அதை ஆராய்ந்தனர். கீழாநெல்லி உட்கொண்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் அந்தப் புரதம் மறைந்ததாக 1988-இல் 'லான்செட்' இதழில் எழுதினர். பிற இடங்களில் பின்னர் நடந்த ஆய்வுகளில் அந்தப் பலன் கிட்டவில்லை. இன்று டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகள் வைரஸை அடக்கிவைக்கின்றன. அடியோடு நீக்குவது அரிது. எனவே கீழாநெல்லி குடித்துக் காமாலை இறங்கியவரும் ரத்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது.

தடுப்பூசி இந்நோயை வரவிடாமல் காக்கிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் குழந்தையின் தொடையில் முதல் ஊசி; இந்திய அட்டவணைப்படி 6, 10, 14-ஆம் வாரங்களில் ஐந்து நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசியிலேயே இதுவும் அடங்கும். கர்ப்பகாலப் பரிசோதனையில் தாய்க்குத் தொற்று தெரிந்தால், குழந்தைக்குத் தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் ஊசியும் போடுவார்கள். அந்தத் தாய் தாராளமாகத் தாய்ப்பால் கொடுக்கலாம்.