பாக் விரிகுடாவில் இழுவைமடி: ஒரு வரலாற்று நோக்கு

பழந்தமிழர் வாழ்வியலை ஐந்திணையாகப் பகுத்து நோக்கும் மரபில் நெய்தல் நிலம் பரதவரின் கடல்வேட்டத்தோடு பிரிக்கவியலாத தொடர்புடையது. வலையும் திமிலும் உப்பும் உணங்கல் மீனும் சங்கப் பாடல்களில் மிகுதியாகப் பேசப்படுகின்றன. காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் உவா நாளில் கடல்வேட்டத்திற்குச் செல்லாது, சினைச்சுறாவின் கொம்பை நட்டு வழிபட்டு, உண்டும் ஆடியும் பொழுது கழித்தமையைப் பட்டினப்பாலை தெரிவிக்கிறது. இதனை இக்காலச் சூழலியல் நோக்கில் மீன்வளப் பாதுகாப்பு என்று விளக்க முற்படுவது மிகைக்கூற்றேயாகும். அது வழிபாடு சார்ந்த ஓய்வு. எனினும் கடலுக்குச் செல்லா நாள்கள் இருந்தன என்பதும், காற்றும் நீரோட்டமும் மனிதக் கைவலியும் வேட்டத்திற்கு ஓர் எல்லை வகுத்திருந்தன என்பதும் மறுக்கவியலாதவை. அவ்வெல்லை பாக் விரிகுடாவில் எவ்வாறு தகர்ந்தது என்பதே ஈண்டு ஆராயப்படுகிறது.

இழுவைமடியின் வருகை

சென்னை மாகாணத்தில் மீன்வளத்தைத் தனித்துறையாக வளர்க்கும் முயற்சி சர் பிரெடரிக் நிக்கல்சன் காலத்தில் தொடங்கியது. 1907-இல் மீன்வளப் பணியகம் உருவாயிற்று. அவருக்குப் பின் பொறுப்பேற்ற ஜேம்ஸ் ஹார்னெல் சங்கு, முத்துக் குளிப்பு பற்றியும் இக்கரையின் கலங்கள், வலைகள் பற்றியும் எழுதியவை இன்றும் சான்றாதாரங்களாக விளங்குகின்றன. அக்காலத்தில் கடலடியை வாரும் கப்பல்கள் சோதனையளவில் இயக்கப்பட்டனவேயன்றி, மீனவர் தொழிலில் அவை இடம்பெறவில்லை. கட்டுமரம், வள்ளம், வத்தை ஆகியனவும் கரைவலையுமே கடற்கரையூர்களைக் காத்தன.

மாற்றத்தின் தோற்றுவாய் கேரளத்தில் அமைந்தது. இந்தியா, நார்வே, ஐக்கிய நாடுகள் அவை ஆகிய மூன்றும் 1952 அக்டோபரில் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி, கொல்லத்திற்கு அருகிலுள்ள நீண்டகரையில் 1953-இல் இந்தோ-நார்வே திட்டம் தொடங்கப்பெற்றது. மீனவர்தம் உணவையும் வருவாயையும் உயர்த்துவதே அதன் அறிவிக்கப்பட்ட நோக்கம். ஆனால் அதே ஆண்டுகளில் கொச்சியிலிருந்து உறையிட்ட இறால் ஏற்றுமதி தலையெடுத்தது. அமெரிக்காவும் பின்னர் ஜப்பானும் இறாலுக்கு நல்விலை கொடுத்தன. 1966-இல் இந்திய ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டபோது ஏற்றுமதியாளர் கையில் கிடைத்த ரூபாய் மேலும் பெருகிற்று. மீனவர் உணவுக்கெனத் தொடங்கிய திட்டம் இறால் வணிகத்தின் ஏவலில் நடக்கலாயிற்று. தமிழகத்திலும் அரசு மானியத்துடன் விசைப்படகுகள் பெருகின. கடலோடு தொடர்பற்ற முதலீட்டாளரும் படகு உடைமையாளர் ஆயினர்.

இழுவைமடி இயங்கும் முறையை அறியாமல் அதன் தீங்கினை உணர்தல் இயலாது. இறால் சேற்றடியில் வாழ்வது. ஆகவே வலையின் வாய் தரையைத் தொட்டே செல்லவேண்டும். படகு இழுக்கும்போது இருபுறமும் கட்டிய கனத்த பலகைகள் நீரின் விசையால் விலகி வலையின் வாயை அகலத் திறக்கின்றன. அடிக்கயிறு தரையை உரசிக்கொண்டே சேற்றைக் கிளறுகிறது. கிளம்பியவை யாவும் வலையின் கடைசிப் பையாகிய மடியில் சேர்கின்றன. கையளவு இறாலுக்காகக் குஞ்சுமீன், நண்டு, சிப்பி, நட்சத்திரமீன், கடற்புல் அனைத்தும் வாரப்படுகின்றன. உண்ணப் பயன்படாத இக்கழிவினை இராமேசுவரக் கரையில் சங்காயம் என்பர். அது உலர்த்தப்பட்டுக் கோழித் தீவனத்திற்கும் உரத்திற்கும் விலையாகிறது. வளர்ந்திருந்தால் விலைமீனாகியிருக்கும் குஞ்சுகள் சங்காயத்தில் பெரும்பங்கு என்பது கவனிக்கத்தக்கது. சங்காயத்திற்கும் விலையுண்டு என்றானபின் சிறுகண் வலையைக் கைவிடுவதற்குப் படகுடையாருக்குக் காரணம் ஏதுமில்லை.

பாக் விரிகுடா ஆழமற்றது; அதன் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. ஒளி அடிவரை இறங்குவதால் கடற்புல் வெளிகள் அங்கே செழித்தன. ஆவுளியா எனக் கரையோர மக்கள் அழைக்கும் கடற்பசுவுக்கு அப்புல்லே உணவு. இறாலுக்கும் பல மீனினங்களுக்கும் அதுவே குஞ்சு வளரும் இடம். இழுவைமடி தான் தேடும் இறாலின் தொட்டிலையே பெயர்த்தெடுக்கிறது என்பது இத்தொழிலின் உள்முரண்.

கடலில் மோதலும் கரையில் சட்டமும்

1970-களின் பிற்பகுதியில் தமிழகக் கரை முழுவதும் கட்டுமர மீனவருக்கும் விசைப்படகினருக்கும் இடையே மோதல் மூண்டது. வலைகள் அறுபட்டன, படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. இதன் விளைவாகவே 1983-இல் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பிறந்தது. கரையிலிருந்து 3 கடல்மைல் வரையுள்ள பகுதி நாட்டுப்படகுக்கென ஒதுக்கப்பட்டது. பாக் விரிகுடாவிலோ இச்சட்டம் ஒரு புதிய இக்கட்டினை உருவாக்கியது. 1974, 1976-ஆம் ஆண்டு உடன்படிக்கைகளால் இந்திய இலங்கைக் கடலெல்லை வரையறுக்கப்பட்டிருந்தது. ஒருபுறம் 3 கடல்மைல் ஒதுக்கீடு, மறுபுறம் எல்லைக்கோடு. இடைப்பட்டதோ சில கடல்மைல் நீர். அதற்குள் அத்துணை இழுவைப் படகுகளும் தொழில் செய்தல் இயலாதது. பொதுவெளியில் இச்சிக்கல் பெரும்பாலும் கச்சத்தீவுச் சிக்கலாகவே பேசப்படுகிறது. தீவின் உரிமை பற்றிய வழக்கு தனியே ஆராயத்தக்கது. ஆனால் இடம் போதாமைக்குக் காரணம் படகுகளின் எண்ணிக்கையும் மடியின் தன்மையும் ஆகும்.

1983-க்குப் பின் இலங்கை உள்நாட்டுப் போரால் வட மாகாணத் தமிழ் மீனவர்க்குக் கடல் அடைக்கப்பட்டது. ஆளற்ற அந்நீர்ப்பரப்பில் தமிழக விசைப்படகுகள் மடி போட்டன. இலங்கைக் கடற்படையின் துப்பாக்கிச் சூட்டில் தமிழக மீனவர் பலர் மாண்டனர். மாண்டவர் பெரும்பாலும் படகு உடைமையாளரல்லர், பங்குக் கூலிக்குச் சென்றவர். 2009-இல் போர் முடிந்து யாழ்ப்பாணம், மன்னார்க் கரைகளின் மீனவர் கடனுக்கு வலை வாங்கித் தொழிலுக்குத் திரும்பியபோது, இரவில் விரித்த வலைகளை இழுவைப் படகுகள் அறுத்துச் சென்றன. அறுத்தவரும் தமிழர், இழந்தவரும் தமிழர். போர்க்காலத்தில் ஈழத்தமிழர்க்காகக் குரல் கொடுத்த தமிழகம் இவ்விழப்பைப் பற்றிப் பேசியது மிகக் குறைவு.

2016 நவம்பரில் இருநாட்டுப் பேச்சில் இழுவைமடியை விரைவில் ஒழிப்பதற்கான மாற்றம் வலியுறுத்தப்பட்டது. 2017-இல் இலங்கை சட்டத்திருத்தத்தால் அதனை முற்றிலும் தடைசெய்தது. அதே ஆண்டில் இந்தியா, பாக் விரிகுடாவின் 2,000 இழுவைப் படகுகளுக்கு மாற்றாகச் சூரைமீன் பிடிக்கும் ஆழ்கடற் படகுகளை வழங்கும் திட்டத்தைத் தொடங்கிற்று. படகொன்றின் விலை 80 இலட்சம் ரூபாய் எனக் கணக்கிடப்பட்டது. அதில் பெரும்பகுதி மானியம். எனினும் எஞ்சிய பங்கும் வங்கிக் கடனும் படகுடையாருக்குச் சுமையாயின. ஒருநாள் சென்று மறுநாள் திரும்பிப் பழகியவர்க்குப் பல நாள் ஆழ்கடல் வாழ்வும் தூண்டில் தொழிலும் புதியன. மாற்றப்பட்ட படகுகள் குறிக்கோளுக்கு வெகு கீழேயே நின்றன.

உண்போரும் உயிரினங்களும்

தீங்கின் மறுமுனை கடலில்லா ஊர்களில் உள்ளது. பனிக்கட்டியும் நெடுஞ்சாலையும் கடல்மீனை உள்நாட்டு நகரங்களுக்குக் கொண்டு சேர்த்தன. பெங்களூர் - ஒசூர் நெடுஞ்சாலையிலுள்ள சந்தாபுரா இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டு. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த அவ்வூரின் ஏரி ஆலைக்கழிவாலும் சாக்கடையாலும் சீரழிந்தமைக்காகத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2022 அக்டோபரில் கர்நாடக அரசு 500 கோடி ரூபாய் செலுத்துமாறு ஆணையிட்டது. தன் நீர்நிலையைக் கெடுத்துக்கொண்ட ஊர் மீனுக்குக் கடலையே நாடவேண்டியதாகிறது. அங்கு இறால் வாங்குவோர்க்கு விலை தெரியும், சங்காயம் தெரியாது.

உயிரினக் காப்புக்கென எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் சிலவே. மன்னார் வளைகுடாவில் 1986-இல் தேசியப் பூங்கா அமைந்தது. 2001-இல் கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் காப்புக்குள் வந்தது. இதனால் நலிந்தவர் கையால் மூழ்கி எடுத்த ஏழை மீனவரே என்பதையும் சேர்த்துக் கூறுதல் நேர்மை. 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையை ஒட்டிய 448 சதுர கிலோமீட்டர் பரப்பு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. 2025 சனவரியிலோ சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கின. மூச்சுவிட மேலெழ வேண்டிய உயிர் மடிக்குள் சிக்கினால் மூழ்கிச் சாகிறது. அதனை வெளியேற்றும் கருவி பல்லாண்டுகளாக அறியப்பட்டதே. இறாலும் அவ்வழியே தப்பும் என்பது படகினர் கூறும் தடை.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் ஆண்டுத்தடை 2001-இல் 45 நாளாகத் தொடங்கி, 2017 முதல் 61 நாளாக நீண்டது. பாக் விரிகுடாவில் இவற்றுக்கும் முன்னரே, மோதல் தவிர்க்கும் பொருட்டு மீனவரே பேசி ஏற்ற ஒரு முறை உண்டு. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகும் நான்கு நாள் நாட்டுப்படகும் கடலேகும் அவ்வழக்கம் அரசாணை பலவற்றினும் மிகுதியாகப் பின்பற்றப்பட்டு வந்துள்ளது.