ஏழுக்குத் தலைகீழி இல்லை

கி.மு. 1800ஐ ஒட்டிய நூற்றாண்டுகளில் பாபிலோனியப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்து களிமண் பலகையில் எழுதிய வாய்பாடுகளில் தலைகீழி வாய்பாடும் ஒன்று. 2க்கு 30, 3க்கு 20, 4க்கு 15, 5க்கு 12, 6க்கு 10 என்று ஓடும் அதில் எந்த இணையைப் பெருக்கினாலும் 60 வரும். 6ஐ அடுத்து நிற்பது 8. இடையில் 7 இல்லை; சில பலகைகளில் ‘7க்குத் தலைகீழி இல்லை’ என்றே எழுதியிருக்கிறார்கள். இந்த இடைவெளியை அவர்களுடைய கணக்கின் பலவீனம் என்று சொல்வது வழக்கம். அதில் தெளிவான ஓர் அறிவு பதிந்திருக்கிறது என்பதே என் கருத்து.

அவர்கள் எண்ணியது அறுபது அறுபதாக. வகுத்தல் என்பதே தலைகீழியால் பெருக்குவதுதான். 60ஐக் கட்டும் பகா எண்கள் 2, 3, 5 மட்டும். இவற்றால் ஆன எண்களுக்குத்தான் தலைகீழி எங்காவது முடியும். அதற்கு வெளியே வரும் முதல் பகா எண் 7. ஏழில் ஒரு பங்கை அறுபதின் கணக்கில் எழுதினால் 8, 34, 17 என்ற மூன்று இடங்கள் ஓயாமல் திரும்பி வரும். நம் பத்தின் கணக்கில் 142857 என ஆறு இடங்கள். மூன்றில் ஒரு பங்கோ நமக்கு 0.333 என்று நீள, அவர்களுக்கு 20 என்று ஒரே இடத்தில் முடிந்தது. முடிவதும் முடியாததும் பகா எண்ணை மட்டும் பொறுத்ததல்ல. எந்த அடிமானத்தில் எழுதுகிறோம் என்பதையும் பொறுத்தது.

7ஆல் வகுக்கத் தெரியாமல்தான் விட்டார்கள் என்றால், அதே நிலப்பகுதியின் ஷுருப்பக் நகரில் கிடைத்த, அவர்களுக்கும் முந்தைய, கி.மு. 2500ஐ ஒட்டிய பலகை ஒன்று அதை மறுக்கிறது. களஞ்சியத்தில் 11,52,000 சிலா (ஒரு முகத்தலளவை) வாற்கோதுமை. ஆளுக்கு 7 சிலா. விடை 1,64,571 பேர், மீதி 3 சிலா. மிகச் சரி. தலைகீழியையும் தோராயமாகப் பிடித்தார்கள்: ஒரு பலகை அதை 8, 34, 16, 59க்கு மேலும் 8, 34, 18க்குக் கீழும் வைக்கிறது. ஏழின் புனிதம்தான் காரணம் என்பாரும் உண்டு. அப்படியானால் வாய்பாட்டில் 11, 13 ஏன் இல்லை? பகா எண் என்ற கருத்தே அவர்களிடம் இருந்ததற்குச் சான்றில்லை என்பது வலுவான மறுப்பு, அதை ஏற்கிறேன். பகு எண்ணான 14ம் அங்கே இல்லையே. அவர்கள் பிரித்துப் பார்த்தது 60க்கு இணங்கும் எண்களையும் இணங்காத எண்களையும்தான்.

அந்தப் பிரிவு அவர்களுக்கு எவ்வளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது என்பதற்கு, ஆய்வாளர்கள் நொய்கபவரும் சாக்ஸும் 1945இல் வெளியிட்ட தொகுப்பிலுள்ள யேல் பல்கலைக்கழகப் பலகை சாட்சி. எடை தெரியாத ஒரு கல்; அதில் ஏழில் ஒரு பங்கைக் கழித்து, எஞ்சியதில் பதினொன்றில் ஒரு பங்கைக் கூட்டி, வந்ததில் பதின்மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1 மினா. கல்லின் எடை என்ன? இணங்காத மூன்று எண்களை ஆசிரியர் ஒன்றாக நிறுத்தியது மாணவனை மிரட்டுவது போலத் தோன்றும். ஆனால் 7இல் 1 போனால் 6, 11இல் 1 சேர்ந்தால் 12, 13இல் 1 போனால் 12. பின்னோக்கிப் போகும் மாணவன் வகுக்க வேண்டியது 6, 12, 12 என்ற இணக்கமான எண்களால் மட்டுமே. 7, 11, 13 மூன்றும் பெருக்கலுக்குள் போய்விடுகின்றன. எங்கே வழி அடையும், எங்கே திறக்கும் என்று அறியாத ஒருவர் இந்தக் கணக்கை அமைத்திருக்க முடியாது. பலகை தரும் விடை 1 மினா 9½ ஷெக்கல் 2½ தானிய மணி. தோராயம் எதுவும் இல்லாமல், முழுதாக முடியும் எடை.