டிரையத்லான்: தொழில்முறைப் பந்தயமும் அதன் பணமும்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் இடையில் நிறுத்தாமல் அடுத்தடுத்து முடிக்கும் பந்தயம் டிரையத்லான். 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம் என்பது ஒலிம்பிக் தூரம். 2000-இல் சிட்னியில்தான் இது முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம்பெற்றது. அயர்ன்மேன் போட்டி இதைவிடக் கடுமையானது. 3.8 கி.மீ. நீந்தி, 180 கி.மீ. சைக்கிள் மிதித்து, அதற்குமேல் ஒரு முழு மாரத்தானும் ஓட வேண்டும். 1978 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த அதன் முதல் பந்தயத்தில் 15 பேர் இறங்கினார்கள். 12 பேர் முடித்தார்கள்.

அந்தச் சிறு பந்தயத்தின் உரிமை 1990-இல் 30 லட்சம் டாலருக்குக் கைமாறியது. 2015-இல் சீனாவின் வாண்டா குழுமம் அதற்கு 65 கோடி டாலர் விலை வைத்து வாங்கியது. 2020-இல் அமெரிக்காவின் அட்வான்ஸ் நிறுவனம் 73 கோடி டாலர் மதிப்பில் எடுத்துக்கொண்டது. இத்தனை பணத்துக்கும் அடித்தளம், வேலைக்குப் போய்க்கொண்டே அதிகாலையில் பயிற்சி செய்யும் சாதாரணப் பங்கேற்பாளர்கள் கட்டும் நுழைவுக் கட்டணம். கூட்டம் சேர்ப்பவர்கள் அவர்களே என்பதால், முன்னால் ஓடும் தொழில்முறை வீரர் இல்லாமலும் கணக்கு நிமிரும். இந்த விளையாட்டின் பெரிய சிக்கல் இதுதான்.

சேலம் மாவட்டத்து வாசகருக்கு ஒரு கணக்கைச் சொன்னால் இது விளங்கும். எடப்பாடிப் பக்கம் சின்னப்பம்பட்டியைச் சேர்ந்த கிரிக்கெட் வீரர் டி. நடராஜனை, அதுவரை ஒரு ஐ.பி.எல். ஆட்டம்கூட ஆடாதவரை, 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் உலகப் பட்டம் வெல்பவருக்குக் கிடைக்கும் பரிசு 1,25,000 டாலர், ஏறக்குறைய ஒரு கோடி ரூபாய். உலகிலேயே முதலாவதாக வருபவருக்கு அவ்வளவுதான். கிரிக்கெட்டில் டி.என்.பி.எல்., ஐ.பி.எல். என்று ஏறிப்போகப் படிகள் அமைத்தது தொலைக்காட்சிப் பணம். எட்டு மணி நேரம் நீளும் பந்தயத்தை உட்கார்ந்து பார்க்க அவ்வளவு பேர் இல்லை.

இதை மாற்றத்தான் வீரர்களும் பங்குதாரர்களாக உள்ள தொழில்முறை டிரையத்லான் வீரர்கள் அமைப்பு 2024-இல் டி100 தொடரைத் தொடங்கியது. மொத்தத் தூரம் 100 கி.மீ.; ஆண்களிலும் பெண்களிலும் இருபது பேர் வீதம் மட்டுமே; வெற்றிக்கு 25,000 டாலர். அதே ஆண்டு அயர்ன்மேனும் தன் புரோ சீரிஸைக் கொண்டுவந்து, தொடரை வெல்பவருக்கு 2 லட்சம் டாலர் அறிவித்தது. போட்டி அமைப்புகளுக்குள் எழுந்த இந்தப் போட்டியால் வீரர்களின் கை சற்று ஓங்கியிருக்கிறது. முதலீட்டாளரின் பொறுமை தீர்ந்தால் என்ன ஆகும் என்பதே அவர்களுடைய கவலை.

இந்தியாவில் வணிகம் வந்துவிட்டது, தொழில் வரவில்லை. கொழும்பு காலிமுகத்திடலில் 2018-இல் நடந்த அரைத்தூர அயர்ன்மேனுக்கு இந்தியர் பலர் கடல் தாண்டிப் போனார்கள். 2019 அக்டோபரில் கோவா மிராமர் கடற்கரைக்கே அது வந்தது. ஏறத்தாழ ஆயிரம் பேர் பங்கேற்ற அந்த முதல் பந்தயத்தை வென்றவர் பிஷ்வர்ஜித் சைக்கோம். 2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் இந்தியாவுக்காக இறங்கிய பிரக்ஞா மோகன் பட்டயக் கணக்காளர் படிப்பை முடித்தவர். வேலையோ குடும்பத்தின் கையோ இல்லாமல் இங்கே இந்த விளையாட்டில் நீடிக்க முடியாது. 2026 கிளாஸ்கோ காமன்வெல்த் பட்டியலில் டிரையத்லான் இல்லாதது நாட்டுக்காக இறங்கும் வழியையும் சுருக்கியிருக்கிறது.

மாற்றத்தை உள்ளூரிலேயே தொடங்கலாம். எடப்பாடிப் பக்கம் பூலாம்பட்டியில் கதவணைக்குப் பின்னால் காவிரி தேங்கி நிற்கிறது. எதிர்க்கரை நெருஞ்சிப்பேட்டைக்குப் படகு போய்வருகிறது. உயிர்காப்புப் படகுகளும் தேர்ந்த நீச்சல் வீரர்களும் காவல் நிற்க, இந்த நீரில் ஒரு மாநிலப் பந்தயம் நடத்தலாம். நடத்துபவர்கள் நுழைவுக் கட்டணத்தில் ஒரு பங்கை உள்ளூர் வீரர்களின் பரிசுத் தொகைக்கென ஒதுக்கிவைக்க வேண்டும்.